அக்கா கை கொடுத்த நிரை

அந்தச் சனிக்கிழமை எங்கள் லயத்தில், தோட்டத்து ஐந்து வீட்டு வரிசையில், இருந்தவர்கள்: நான். என் மனைவி. என் தம்பி. இரண்டாம் வீட்டு அக்கா. மூன்றாம் வீட்டு வயர்மேன். நாலாம் வீட்டு லோரி டிரைவர். ஐந்தாம் வீட்டில், ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மா. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர். அப்புறம் மழை.

மழை என்றால் வெட்டு இல்லை. பால் எடுக்க ரப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது. அதனால்தான் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள்.

நான் கோலா சாவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மண்டோராக இருந்தேன். காலையில் எல்லாரும் வந்து நிற்கும் பெரட்டில் ஆள் எண்ணுவது, யாருக்கு எந்த மர நிரை என்று பிரித்துக் கொடுப்பது, மத்தியானம் பால் நிறுக்கும்போது எழுதிக் கூட்டுவது. இதுதான் வேலை. மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்து கொஞ்சம் தடுமாறும். எண் தடுமாறாது.

தம்பி எனக்குப் பதினோரு வயது இளையவன். செனாவாங்கில் எலக்ட்ரானிக் பேக்டரி ஒன்றில் சோதனைப் பிரிவில் இருந்தான். ஒரே நேரத்தில் நாற்பது சர்க்யூட் பலகைகளை அடுப்பு மாதிரி ஒரு பெட்டியில் வைத்து, எது தாங்குகிறது எது தாங்கவில்லை என்று பார்ப்பது அவன் வேலை. பேக்டரிகளில் நிறைய ஆட்களை நிறுத்தின வருடம் அவனையும் நிறுத்தினார்கள். மோட்டார் சைக்கிளில் ஒரு பை, பின்னால் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கம்ப்யூட்டர். அப்படித்தான் வந்து இறங்கினான். முன் அறையைக் காலி பண்ணிக் கொடுத்தேன்.

எட்டு மாதம் அந்த அறையில் இருந்தான். பேச்சு குறைந்துவிட்டது. "பசியாறிட்டியா?" என்று என் மனைவி கேட்பாள். "ஆச்சு அண்ணி." அவ்வளவுதான். பசியாறியிருக்க மாட்டான். தட்டு அப்படியே இருக்கும். வேறு தோட்டத்தில், வேறு பேக்டரியில், எத்தனையோ இடத்தில் கேட்டுப் பார்த்தான். பிறகு கேட்பதையும் விட்டான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தான்.

ஒரு நாள் கேட்டேன்.

"என்னா எழுதுற?"

"எழுத்து அடிக்கிற புரோகிராம்ணே. பல நாட்டு ஆளுங்க சேந்து எழுதறாங்க. யாருக்கும் சொந்தம் கெடையாது. உள்ள என்னா இருக்குன்னு யாரு வேணும்னாலும் தொறந்து பாக்கலாம், திருத்தலாம்."

"நீ என்னா பண்ற?"

"தமிழு. சொல்லுங்கள அ ஆ வரிசைல அடுக்குற எடம் என்னோடது."

"சம்பளம்?"

"இல்லண்ணே."

உள்ளே இருந்து என் மனைவி சொன்னாள். "அப்ப கோத்தோங் ரோயோங்கு."

தம்பி திரும்பிப் பார்த்தான். "ஆமா அண்ணி. அதேதான்."

கோத்தோங் ரோயோங் எனக்குத் தெரியும். கோயில் கால்வாய் அடைத்தால் லயமே மண்வெட்டியோடு போகும். கூலி இல்லை. ஆனால் போகாதவனைப் பார்த்து ஒரு வாரம் கேலி பேசுவார்கள். அப்படியானால் சரி என்று விட்டுவிட்டேன். அவன் ஒரு இடத்தில் வேண்டப்பட்டவனாக இருக்கிறான். அது போதும்.

வீட்டில் போன் இல்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை மோட்டாரில் செனாவாங் போய், அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடையில் தனக்கு வந்த ஈமெயில் கடிதங்களை எடுத்து வருவான். ஒரு புதன்கிழமை வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தான். கையில் ஒரு தாள்.

"என்னா?"

படித்துச் சொன்னான். அந்தப் புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் எங்கோ குளிர் நாட்டில் இருக்கிறார். அவர் எழுதியிருந்தார். அவர்களிடம் ஆயிரத்துக்கு மேல் சோதனைகள் உண்டு. ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்வி மாதிரி. மிஷினே கேட்கும், மிஷினே சரி பார்க்கும். அங்கே அதைப் பல மிஷின்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஒரே நேரத்தில் ஓட்டுகிறார்கள். ஓட்டும்போது சில நாள் மூன்று தவறுகிறது, சில நாள் தவறவில்லை. தவறுகிற மூன்றும் தமிழ்ப் பகுதியில். திங்கட்கிழமை புதுப் பதிப்பை மூடுகிறோம். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் தமிழை இந்தத் தடவை எடுத்துவிட வேண்டியிருக்கும். வருத்தம் என்று கடைசியில் போட்டிருந்தாராம்.

"உன் மிஷினில ஓட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்ணே. ஒரு நாளைக்கு மேல ஓடுது. ஒண்ணும் தவறல. எல்லாம் சரின்னுதான் வருது."

"அப்பறம் என்னா?"

"அவங்க கிட்ட தவறுதே."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "தூக்கிட்டாங்கன்னா அப்பறம் நான் அந்தப் பக்கமே போவ மாட்டேன்ணே" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்தப் பக்கமும் போகாவிட்டால் இவன் வேறு எந்தப் பக்கம் போவான்?

"பிரிச்சு ஓட்டுனாத்தான் தெரியுமா?"

"பிரிச்சு ஓட்டுனா அவங்க பாக்குறத நானும் பாக்கலாம். நேரமும் மிச்சம். ஒரே மிஷின வச்சிக்கிட்டு என்னா பண்றது?"

"எத்தன மிஷின் வேணும்?"

"அஞ்சு இருந்தா போதும்."

மறுநாள் ஆபீசுக்குப் போனேன். ஆறு மாதத்துக்கு முன்னால் அங்கே புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பழசு நாலும் ஸ்டோரில் உர மூட்டைக்குப் பின்னால் கிடந்தது. ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டேன். நான் யாரிடமும் எதுவும் கேட்கிற ஆள் இல்லை. அவர் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"மண்டோரே, ஒனக்கு எதுக்கு?"

"தம்பிக்கு."

மேனேஜரிடம் ஒரு வார்த்தை போட்டுவிட்டு வந்து, "நாலும் கெடக்கு. ஓடுமா ஓடாதான்னு என்னைக் கேக்காத. திருப்பிக் கொண்டாந்துடு" என்றார். லோரி டிரைவர் உர லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். தம்பி அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் மாட்டினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தும் எங்கள் முன் அறையில் வரிசையாக நின்றன.

சுவிட்சைப் போட்டான். பொத்தென்று அணைந்தது. எங்கள் வீடு மட்டும் இல்லை. மொத்த லயமும்.

அக்கா வீட்டில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. "யாருடா அது!" என்று அவர் போட்ட சத்தம் மேட்டு லயத்துக்கே கேட்டிருக்கும்.

வயர்மேன் டார்ச் லைட்டோடு வந்தார். அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மண்டோரே, இது வீடா பேக்டரியா?"

"பேக்டரிதான்" என்றேன்.

"இந்த வயரு ஒங்க கல்யாணத்துக்கு முன்னாடி இழுத்தது லா. ஒரு மிஷினு தாங்கும். ரெண்டு போட்டா இருமும். அஞ்சு போட்டா செத்துரும்." பியூஸ் மாற்றிக்கொண்டே சொன்னார். "வீட்டுக்கு ஒண்ணா வச்சிக்க. எங்க வீட்டுல ஒண்ண வச்சிட்டுப் போ."

அப்படித்தான் அது நடந்தது. யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. வயர் பழசு, அதனால் வீட்டுக்கு ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிளக்தான். அதில் டிவி இருந்தது. டிவியைப் பிடுங்கிவிட்டு மிஷினை மாட்ட வேண்டும்.

"நாளைக்கு மத்தியானம் படம் இருக்கு" என்றார் அக்கா.

"அதுக்குள்ள முடிஞ்சிரும்க்கா" என்றான் தம்பி.

"முடியலன்னா?"

அக்கா தம்பி முகத்தைப் பார்த்தார். "சரி சரி, வச்சிட்டுப் போ. பாத்த படமாத்தான் இருக்கும்."

மொத்தம் ஆயிரத்து நூற்று அறுபது சோதனை. அதைத் தம்பி ஐந்து பங்காகப் பிரித்தான். சமமாகப் பிரிக்கவில்லை. பெரிய கேள்வி இருக்கிற பங்கில் குறைவாக, சின்னக் கேள்வி இருக்கிற பங்கில் அதிகமாக. நானும் நிரை கொடுக்கும்போது அப்படித்தான். மேட்டுக் காட்டுக்காரருக்கு மரம் குறைச்சல். எங்கள் வீட்டுக்கு இருநூற்று அறுபத்து நாலு. அக்காவுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. வயர்மேனுக்கு இருநூற்று ஐம்பத்தொன்று. டிரைவருக்கு இருநூற்றுப் பத்து. ஆயாம்மாவுக்கு இருநூற்று முப்பத்தேழு. பங்குப் பட்டியலை வீட்டுக்கு ஒரு பிளாப்பியில் போட்டு, மேலே வீட்டு நம்பரை எழுதினான். பிளாப்பி திடீரென்று கெட்டுப்போகும் என்று எல்லாவற்றுக்கும் உபரியாக இன்னொன்று போட்டு எங்கள் வீட்டுப் பிஸ்கட் டின்னில் வைத்தான். என் மனைவி அதற்குக் கறுப்பு பிஸ்கட் என்று பெயர் வைத்தாள்.

சனிக்கிழமை விடியும்போதே மழை. தம்பி வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்தான். பிளாப்பியைச் செருகு. கீபோர்டில் இந்தப் பெரிய பட்டனைத் தட்டு. பிறகு தொடாதே. முடிந்ததும் திரையில் இரண்டு எண் நிற்கும். மேலே இருப்பது மிஷினைப் போட்டதிலிருந்து மொத்தம் எத்தனை ஓடியது. கீழே இருப்பது எத்தனை தவறியது.

"கீழ சைபர் வரணும், அதானே?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணே. எங்கயாச்சும் மூணு வரணும்."

"தவறணுமா?"

"தவறுனாத்தான் எங்க தவறுதுன்னு கண்டுபிடிக்க முடியும்."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

ஏழரைக்கு ஐந்து வீட்டிலும் தட்டினார்கள். என் மனைவி தம்பியை அதட்டிப் படுக்க வைத்தாள். "நீ பாத்துக்கிட்டு இருந்தா அது வேகமா ஓடுமா? படு." எட்டு மாதத்தில் அவன் முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்டான். விழுந்ததும் தூங்கிப் போனான். வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்னதில் அப்படித்தான் தூங்குவான். போர்வையை இழுத்துவிட்டு நான் ஆபீசுக்குக் கிளம்பினேன். வெட்டு இல்லாத நாளிலும் மண்டோர் போய் எழுதிவிட்டு வர வேண்டும்.

நான் இல்லாதபோது நடந்ததைப் பிறகு மனைவி சொல்லித்தான் தெரியும்.

முதலில் டிரைவர்தான் ஆரம்பித்தாராம். நாற்காலியைப் போட்டு டிவி பார்ப்பது போல மிஷின் முன்னால் உட்கார்ந்தவர், சுவரைத் தட்டிச் சத்தம் போட்டார். "நாலாம் வீடு நூத்தி இருவது!"

ஆயாம்மா வீட்டில் கூரை ஒழுகியது. அவர் மிஷினுக்கு மேலே ரப்பர் விரிப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பதில் சொன்னார். "அஞ்சாம் வீடு நூத்தி நுப்பது! ஒழுகுற வீட்டுலயே நான் முன்னாடி!"

பிறகு லயமே பந்தயமாகிவிட்டது. ஐந்து வீட்டுக்கும் நடுவில் இருப்பது பலகைச் சுவர்தான். எல்லாருக்கும் எல்லாம் கேட்கும்.

"வயர்மேன் வீட்டுல சத்தமே காணோமே?"

"எழுவத்தி ரெண்டு" என்று வயர்மேன் மெதுவாகச் சொல்லியிருக்கிறார்.

"எழுவத்தி ரெண்டா! மிஷினும் வயர்மேன் மாதிரியே வேல செய்யுது லா!"

"ஏய், அதுதான் இருக்குறதுலயே பழசு. கெழட்டு மிஷின என் தலைல கட்டிட்டாங்க."

"மிஷின் கெழடா, ஆளு கெழடா?"

பத்தரை மணிக்கு அக்கா வீட்டில் முடிந்துவிட்டது. அவர் பங்குதான் குறைவு. மிஷினும் நல்ல மிஷின். கதவைத் திறந்துகொண்டு வந்து மூன்றாம் வீட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அங்கே நூறுகூடத் தாண்டவில்லை. வயர்மேன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். தன் நிரையை வெட்டி முடித்தவர் சும்மா உட்காரமாட்டார். பக்கத்து நிரையில் யாராவது பின்தங்கியிருந்தால் மறு கோடியில் இருந்து நாலு மரம் வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வருவார். கை கொடுப்பது என்று பெயர். கேட்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்தப் பாலை மறந்துபோய்த் தன் வாளியிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிடுவதும் உண்டு. நிறுக்கிற இடத்தில் எனக்குக் கணக்கு இடிக்கும். நான் விசாரித்துத் திருத்துவேன். அக்கா இருபத்திரண்டு வருடம் மரம் வெட்டியவர். கை கொடுக்காமல் அவருக்கு ஒரு நாளும் போனதில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கேட்டிருக்கிறார். "அந்தக் கறுப்பு பிஸ்கட்டு மூணு நம்பரு இன்னொண்ணு இருக்காடி?"

"இருக்குக்கா."

"குடு."

கொடுத்திருக்கிறாள். தம்பியை எழுப்பிக் கேட்கத் தோன்றவில்லையாம். "அவனே இப்பத்தான் தூங்குறான்" என்றாள்.

நான் ஒரு மணிக்கு வந்தேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். வயர்மேன் வீட்டிலும் அப்போதுதான் முடிந்திருந்தது. என் வேலை எண்ணை எழுதுவது. எழுதினேன். எங்கள் வீடு இருநூற்று அறுபத்து நாலு, தவறியது இல்லை. மூன்றாம் வீடு இருநூற்று ஐம்பத்தொன்று, தவறியது இல்லை. நாலாம் வீடு, ஐந்தாம் வீடு, தவறியது இல்லை. அக்கா வீட்டில் அவர் இல்லை, பின் தாழ்வாரத்தில் துணி எடுக்கப் போயிருந்தார். திரையில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டேன். மேலே நானூற்று நாற்பத்தொன்பது. கீழே மூன்று.

படியில் உட்கார்ந்து கூட்டினேன். ஆயிரத்து நானூற்றுப் பதினொன்று. திரும்பக் கூட்டினேன். அதேதான். கீழிருந்து மேலே கூட்டினேன். அதேதான்.

தம்பி எழுந்து வந்தான். முகம் கழுவவில்லை. "எதுல தவறிச்சுண்ணே?"

"பொறு. கணக்கு ஒதைக்குது."

"எவ்ளோ?"

"ஆயிரத்தி நானூத்திப் பதினொண்ணு."

"ஆயிரத்தி நூத்தி அறுவதுதானே இருக்கு. தப்பா கூட்டிட்டீங்களா?"

"பதினாறு வருசமா கூட்டறேன்."

அவன் முகம் விழுந்துவிட்டது. கணக்கே தப்பு என்றால் காலையிலிருந்து ஓடியது எல்லாம் வீண். திரும்ப ஓட்ட வேண்டும். ஞாயிறு ஒன்றுதான் பாக்கி. அவன் சுவரில் சாய்ந்து நின்றான். "விடுங்கண்ணே. போவட்டும்" என்றான்.

எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. நோட்டைப் பார்த்தேன். ஆயிரத்து நூற்று அறுபதைக் கழித்துப் பார்த்தேன். இருநூற்று ஐம்பத்தொன்று கூடுதல். இருநூற்று ஐம்பத்தொன்று யாருடைய நிரை? வயர்மேனுடையது.

எடை குறைந்தால் பால் சிந்தியிருக்கும். எடை கூடினால் எங்கள் தோட்டத்தில் ஒரே காரணம்தான்.

"அக்கா!" என்று கூப்பிட்டேன்.

துணிக் கூடையோடு வந்தார். "என்னா மண்டோரே?"

"மூணாம் வீட்டுக்குக் கை குடுத்தீங்களா?"

"ஆமா. பாவம், அங்க நவுரவே இல்ல. நான் சும்மாதான இருந்தேன்." எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கூடையைக் கீழே வைத்தார். "ஏன், என்னா ஆச்சு? நான் கெடுத்துட்டேனா?"

தம்பி என் நோட்டைப் பிடுங்கினான். "அக்கா வீட்டுல கீழ எவ்ளோ?"

"மூணு."

"மூணா?"

"எழுதியிருக்கு பார்."

"வயர்மேன் மாமா வீட்டுல?"

"சைபர்."

அவன் மழையில் ஓடினான். செருப்பு போடவில்லை. அக்கா வீட்டு மிஷின் முன்னால் மண்டியிட்டு என்னமோ தட்டினான். நாங்கள் பின்னால் போய் நின்றோம். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஆயாம்மாவும் டிரைவரும் வயர்மேனும் வந்தார்கள். திரையில் மூன்று வரி வந்தது. இங்கிலீஷ். தம்பி ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்தான்.

"இதே மூணுதான். அவரு எழுதுன அதே மூணு."

"தம்பி, தெரியாம செஞ்சிட்டேன்டா" என்றார் அக்கா. கண் கலங்கிவிட்டது.

அவன் திரும்பினான். சிரித்தான். பல் எல்லாம் தெரிய. எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அக்கா, நீங்க கெடுக்கலன்னா நான் கெட்டேன்."

அப்புறம் எல்லாருக்கும் சொன்னான். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். மொத்தமும் ஒரே மிஷினில் ஓடும்போது வரிசை வீட்டு நம்பர்படி இல்லை: வயர்மேன் வீட்டுப் பங்கு முதலில் ஓடும், அக்கா வீட்டுப் பங்கு பிறகு ஓடும். அதனால் அவன் மிஷினில் தவறவில்லை. தனித்தனி வீட்டில் ஓடினாலும் தவறவில்லை. அக்கா தன் பங்கை முடித்துவிட்டு அதே மிஷினில் வயர்மேன் பங்கை ஓட்டினார். முன்பின்னாக. அக்கா பங்கில் ஒரு சோதனை ஒரு சொல் பட்டியலை எழுதி வைக்கிறது. வேலை முடிந்ததும் அதை அழிக்க வேண்டும். அழிக்கவில்லை. பிறகு வயர்மேன் பங்கில் வந்த மூன்றும் அந்தப் பழைய பட்டியலைப் பார்த்து வரிசையைத் தப்பாகப் போட்டன. குளிர் நாட்டில் பல மிஷினுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது, சில நாள் இப்படி முன்பின்னாக விழுந்திருக்கிறது.

"அந்தச் சோதனைய எழுதுனது யாரு?" என்றார் வயர்மேன்.

"நான்தான் மாமா. பால் புடிக்கிற மங்குல நேத்து ஒறஞ்ச பால வழிச்செடுக்காம விட்டுட்டேன். இன்னிக்கி வந்த பாலு கெட்டுப் போச்சு."

"தோட்டத்துல பொறந்துட்டு மங்கு தொடைக்கத் தெரியல" என்றார் ஆயாம்மா. "இவனை பேக்டரில எட்டு வருசம் எப்படி வச்சிருந்தாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பேக்டரி என்ற சொல்லைக் கேட்டு அவன் சிரித்தது எனக்குப் பெரிதாகப் பட்டது. மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா வீட்டில் மறுபடி ஓட்டிப் பார்த்தான். முன்பின்னாக. மறுபடி மூன்று. படம் போய்விட்டது. யாரும் படத்தைப் பற்றிப் பேசவில்லை. எல்லாருக்கும் அந்த மூன்று வருமா வராதா என்பதுதான். வந்ததும் டிரைவர் கை தட்டினார். தவறியதற்குக் கை தட்டிய ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திருத்தியது இரண்டே வரி.

என் மனைவி ஐந்து வீட்டுக்கும் தேத்தண்ணி போட்டாள். தம்பி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். அவள் மூன்றாவது தடவை போட வந்தபோது, "போதும் அண்ணி, வயறு வெடிச்சிரும்" என்றான். அவள் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து வீட்டிலும் மறுபடி ஓட்டினார்கள். யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஏழு மணிக்கே டிவியைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தார்கள். அக்கா தன் பங்கை முடித்துவிட்டு, "முன்பின்னா ஓட்டவா?" என்று கேட்டார். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்தார். அதை நான் தனியாக எழுதிக்கொண்டேன். தவறியது இல்லை.

மத்தியானம் மற்றதைக் கூட்டினேன். ஒன்று கூடியது. ஆயிரத்து நூற்று அறுபத்தொன்று.

"மறுபடி யாரு கை குடுத்தது?" என்றேன்.

"யாரும் இல்லண்ணே" என்றான் தம்பி. "அக்கா வீட்டுப் பங்குல ஒண்ணு புதுசா சேத்திருக்கேன். முன்னாடி ஓடுனவன் மங்கத் தொடச்சிட்டுப் போனானான்னு பாக்குற சோதனை. அது அக்காவோடது."

"என்னோடதா?" என்றார் அக்கா. "நான் என்னாடா செஞ்சேன். சும்மா இருக்க முடியாம ஒண்ணத் தூக்கிப் போட்டேன்."

"அதான்க்கா."

சட்டை மாற்றிக்கொண்டு மோட்டாரை எடுத்தான். செனாவாங் கடை ஞாயிறு நாலு மணி வரை. பிளாப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பனியனுக்குள் வைத்தான். ரோடு வழுக்கும் என்று சொல்ல நினைத்தேன். "பாத்து" என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை பதில் பார்க்க அவன் போகவில்லை. பயம். செவ்வாய்க்கிழமை நான் காட்டில் இருந்து வரும்போது மோட்டார் வாசலில் நின்றது. அவன் படியில் உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை ஹெல்மெட் பக்கத்தில் இருந்தது. அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"தமிழு இருக்குண்ணே" என்றான். "எடுக்கல."

தாளை நீட்டினான். வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷ். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடியில் தனியாக ஒரு வரி. அந்தப் பெரியவர் தன் ஊரில், தன் மிஷின்களில் பிரித்து ஓட்டிக் கூட்டிப் போட்டிருந்த மொத்தம். அது எனக்குத் தெரிந்தது.

1161.